யானை வழித்தடம் என்றால் என்ன, அதை ஏன் மறிக்கக் கூடாது?

இரண்டு காடுகளை இணைக்கிற, யானைகள் தலைமுறை தலைமுறையாக நடந்துபோகிற நிலப்பகுதிதான் வழித்தடம். ஒரு யானைக்கு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டும், தண்ணீர் தனி. கோடையில் ஒரு காடு காய்ந்தால் அடுத்ததற்குப் போயே ஆகணும். அப்புறம் வழி அடைபட்டால் ஒரே கூட்டத்துக்குள்ளேயே இனம் பெருகி, போகப்போக நலிந்துவிடும்.

உங்கள் வீட்டில் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் யாரோ சுவர் எழுப்பிவிட்டால்? ஜன்னல் ஏறிக் குதித்துத்தான் சாப்பிடப் போவீர்கள், அதையே யானை செய்தால் நாம் 'அட்டகாசம்' என்கிறோம்.

நீலகிரிக்கு வடக்கே இருக்கிற சீகூர் பீடபூமி மேற்கு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்க்கிற இடம். அங்கே வரிசையாக ரிசார்ட், சுற்றிலும் மின்வேலி என்று ஆகி, வழக்கு நடந்து, 2020 அக்டோபரில் அதை யானை வழித்தடம் என்று அரசு அறிவித்தது சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பக்கத்துப் பந்திப்பூர் காட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை சாலையையே மூடுகிறார்கள்.

பலரும் நினைப்பதுபோல வழித்தடம் ரோடு மாதிரி ஒற்றைக் கோடு இல்லை. யானை அங்கே நின்று மேயும், குட்டியோடு நாள்கணக்கில் தங்கவும் செய்யும்.