பரிசு வாங்கும் பத்துப் பேரும் மீதிப் பிள்ளைகளும்

கேள்வி: ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகம் தரும்படி பள்ளியில் என்னென்ன நிகழ்ச்சிகள் நடத்தலாம்? எங்கள் ஆண்டு விழாவில் வருடா வருடம் அதே பத்துப் பேர்தான் பரிசு வாங்குகிறார்கள். நூறு சதவீத வருகைக்கு விருது கொடுக்கலாம் என்கிறார் தலைமையாசிரியர். சரியாக வருமா?

பதில்:

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் என் தலையில்தான். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்: வருகைக்கு விருது வேண்டாம்.

இதை அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை 15,000க்கும் மேற்பட்ட மாணவர்கள். ஆய்வுக் கட்டுரை 2021இல் அச்சில் வந்தது. ஒரு பிரிவினரிடம், குறிப்பிட்ட மாதத்தில் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காவிட்டால் விருது என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு, ஏற்கெனவே விடுப்பில்லாமல் வந்த ஒரு மாதத்துக்காகச் சொல்லாமல் கொள்ளாமல் விருது போனது. முதல் பிரிவில் வருகை கூடவில்லை. இரண்டாவது பிரிவில், விருது கிடைத்த பிறகு விடுப்பு கூடிவிட்டது! "மற்றவர்களைவிட நாம் அதிகமாகவே வந்துவிட்டோம் போல, இவ்வளவு தேவையில்லை" என்று பிள்ளைகள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

நம்மூரில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் பிள்ளைகள் விடுப்பு எடுப்பது பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போனால் காய்ச்சலில் கிடக்கும் தம்பியை அக்காதான் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புப் பெண்களில் சிலர் மாதத்தில் ஓரிரு நாள் வர முடியாமல் வீட்டில் படுத்திருப்பார்கள். இவர்களை விட்டுவிட்டு, வீட்டில் எல்லா வசதியும் உள்ளவனுக்குக் கைதட்டுவதில் என்ன நியாயம்? போதாக்குறைக்கு, விருது போய்விடுமே என்று அம்மை போட்ட உடம்போடு வந்து உட்காரும் பிள்ளையும் இருக்கும்.

அதற்காகப் பரிசே கூடாது என்ற கட்சி இல்லை நான். எதற்கு, எப்படி என்பதுதான் விஷயம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் நடத்தி 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வை ஆசிரியப் பயிற்சியில் படித்திருப்பீர்கள். கலர் பேனாவில் ஆசையாக வரைந்துகொண்டிருந்த குழந்தைகளிடம், வரைந்தால் பரிசு என்று சொல்லிக் கொடுத்தபோது, பிற்பாடு அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆகவே தானாக விரும்பிச் செய்கிற காரியத்துக்குப் பரிசு ஆசை காட்ட வேண்டாம். செய்து முடித்த பிறகு, நாம் பார்த்ததை வாய்விட்டுச் சொல்லலாம்.

பார்க்க வேண்டுமானால் பிள்ளைகள் எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டுமே! என்னைப் பொறுத்தவரை பள்ளி நிகழ்ச்சியின் பயனே அதுதான். வகுப்பறையில் மார்க்கும் கையெழுத்தும் மட்டுமே தெரியும். வெளியே வந்தால்தான் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்பது தெரிகிறது.

எங்கள் பள்ளியில் நன்றாக எடுபடுவது சந்தை நாள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல், வேப்பமரத்தடியில். ஆறாம் வகுப்பில் ஒருவர், ஏழில் ஒருவர், எட்டில் இருவர் என்று நான்கு பேர் சேர்ந்து ஒரு கடை. முருங்கைக்காய், கீரைக்கட்டு, அவித்த கடலை, சுண்டல், எலுமிச்சை ஜூஸ், தை மாதமானால் பனங்கிழங்கு என்று வீட்டில் கிடைப்பதைக் கொண்டுவருவார்கள். வாங்குகிறவர்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை படிக்கும் பொடிசுகளும் பெற்றோரும். இதில் கவனிக்க வேண்டியது காசு. வீட்டிலிருந்து காசு கொண்டுவரச் சொன்னால் ஒருத்தன் ஐம்பது ரூபாய் நோட்டோடு வருவான், இன்னொருத்தி வெறுங்கையோடு ஓரமாக நிற்பாள். அதனால் பொடிசுகள் எல்லோருக்கும் ஒரே மதிப்பில் அட்டைக் காசு கொடுத்துவிடுகிறோம். மாலையில் கடைக்காரர்கள் அட்டையைத் திருப்பிக் கொடுத்து நிஜக் காசாக மாற்றிக்கொள்ளலாம். அந்தச் செலவு ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்கள் சிலரும் பங்கு போட்டுக்கொள்வது. பெரிய தொகை வராது.

விற்கத் தெரியாதவர்களுக்கும் வேலை வேண்டும். விலைப்பலகை எழுத ஒருவர், தராசைச் சரிபார்க்க ஒருவர், புகார் மேசைக்கு இரண்டு பேர் (இந்த வேலைக்குத்தான் ஏகப்பட்ட போட்டி), குப்பை சேராமல் பார்க்க ஒரு குழு. அடக்க விலை, விற்ற விலை, லாபமா நட்டமா, எத்தனை சதவீதம் என்று திங்கட்கிழமை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். லாபத்துக்குப் பரிசு கிடையாது. பரிசு உண்டு என்றால் அப்பா கடையிலிருந்து நேரே சரக்கு இறங்கிவிடும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். பின்னம் என்றாலே தலையைக் குனிந்துகொள்வான். கேள்வி முடிவதற்குள் "தெரியாது சார்" வந்துவிடும். அவன் அம்மா வாரச்சந்தையில் காய் விற்கிறவர். சந்தை நாளில் கத்தரிக்காய் போட்டிருந்தான், கிலோ 48 ரூபாய். சத்துணவு அமைப்பாளர் அக்கா வேண்டுமென்றே சீண்டுவதற்காக "350 கிராம் கொடுடா" என்றார். தராசில் காயைப் போட்டுக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கால் கிலோ பன்னண்டு, நூறு கிராம் நாலு எம்பது, பதினாறு எம்பதுக்கா. பதினேழா குடுத்துருங்க, கறிவேப்பிலை சேத்துப் போடுறேன்" என்றான். தசமப் பெருக்கலை இதைவிட அழகாக நானே நடத்தியதில்லை.

அன்று மாலை அவனுக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன்: "350 கிராமுக்கு விலை கேட்டபோது கால் கிலோவையும் 100 கிராமையும் தனியாகப் பிரித்து, தாளில்லாமல் கூட்டிச் சொன்னாய்." கீழே என் கையெழுத்து, தேதி, பள்ளி முத்திரை. அவ்வளவுதான். அதை லேமினேட் செய்து காலண்டர் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று பிறகு அவன் அம்மா சொன்னார். மறுநாளே கணக்கில் புலியாகிவிட்டான் என்று கதை விடமாட்டேன். பின்னத்தில் இன்னமும் தடுமாறுகிறான். ஆனால் "தெரியாது சார்" இப்போது கொஞ்சம் தாமதமாக வருகிறது.

அட்டையில் "கெட்டிக்காரன்", "சிறந்த மாணவன்" என்றெல்லாம் எழுதுவதில்லை. உளவியல் ஆய்வாளர்கள் கரோல் டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியது. நம் பிள்ளைகளின் வயதுக்குப் பக்கத்தில்தான். புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள், அடுத்து வந்த கடினமான புதிர்களில் தோற்றதும் துவண்டுபோனார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர், புதிதாகக் கற்றுக்கொள்ளக்கூடிய கடினமானதையே தேர்ந்தெடுத்தார்கள். இன்னதைச் செய்தாய் என்று எழுதிவிட்டால் பிள்ளைக்கும் அதை மறுபடி செய்ய வழி தெரியும். வெறும் "கெட்டிக்காரன்" என்றால் அதைக் காப்பாற்றிக்கொள்ளும் கவலைதான் மிச்சம்.

அப்புறம், இந்த வயதில் ஆசிரியர் பாராட்டைவிடக் கூட்டாளிகள் என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் பெரிது. மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் வகுப்புக் குழந்தை துள்ளிக்கொண்டு ஓடிவரும். எட்டாம் வகுப்புப் பையன் "ஐயோ" என்று நெளிவான், பின்வரிசையில் "ஓஓஓ" என்று ஒரு சத்தம் கிளம்பும். அதனால் அட்டையை மேடையில் வாங்கிக்கொள்கிறாயா, தனியாகக் கொடுக்கட்டுமா என்று கேட்டுவிடுகிறேன். தனியாகப் போதும் என்பவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

பிள்ளைகளே பிள்ளைகளைப் பாராட்ட ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். யாராவது நல்லது செய்ததைப் பார்த்தால் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம், எழுதியவர் பெயர் வேண்டாம். காலை வணக்கக் கூட்டத்தில் அதில் சிலவற்றை வாசிப்போம். கிண்டல் சீட்டுகளும் காதல் சீட்டுகளும் நிச்சயம் விழும். முதல் நாள் சாயங்காலமே ஓர் ஆசிரியர் படித்துக் கழித்துவிட வேண்டும். மிஞ்சுவதில் நமக்குத் தெரியாத சங்கதிகள் இருக்கும்: கழிப்பறைக் குழாயை மூடாமல் போகிறவர்களுக்குப் பின்னால் போய் தினமும் மூடுகிற பெண், கண் சரியாகத் தெரியாத நண்பனுக்குக் கரும்பலகையில் இருப்பதை மெல்ல வாசித்துக்காட்டுகிற பையன். அந்தச் சீட்டு வந்த பிறகுதான் அந்த நண்பனைக் கண் பரிசோதனைக்கு அனுப்பினோம்.

விளையாட்டு நாள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. சாக்கு ஓட்டம், லெமன் ஸ்பூன், இசை நாற்காலி, கயிறு இழுத்தல் நன்றாகத்தான் போகும். ஒன்றை மட்டும் பாருங்கள்: ஆறாம் வகுப்பில் முதல் ஆளாக ஓடிய பெண், எட்டாம் வகுப்பில் "வயிறு வலி டீச்சர்" என்று மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். ஊரே சுற்றி நின்று பார்க்கிறது, பள்ளிச் சீருடையில் ஓடக் கூச்சம். அவளைச் சோம்பேறி என்று திட்டிப் பயனில்லை. பெண்கள் போட்டியை வேடிக்கை பார்க்க வெளியாள் வராத நேரத்தில் வைத்தோம். எறிபந்தும் கோ-கோவும் சேர்த்தோம். மழைக்காலத்தில் தாயம், பல்லாங்குழி, கேரம். பல்லாங்குழியில் பையன்கள் பெண்களிடம் மண்ணைக் கவ்வுவதைப் பார்க்க எனக்குத் தனி சந்தோஷம்.

உங்களுடையது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி என்றால் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை, கையில் இருப்பதே போதும். 2022-23இல் தொடங்கிய கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகிறது. மாநில அளவில் வென்றால் கலையரசன், கலையரசி பட்டம். பெருமைதான். ஆனால் மேலே போகப் போகச் சல்லடைதான். மிகச் சிலர்தான் மிஞ்சுவார்கள். நம் உழைப்பை எல்லாம் வட்டாரத்துக்கு அனுப்பும் ஒரு குழுவுக்கே கொட்டினால் மறுபடி அதே பத்துப் பேர்தான். பள்ளி அளவிலான சுற்றை ஒரே நாளில் அவசரமாக முடிக்காமல் ஒரு வாரம் இழுத்து நடத்துங்கள். களிமண் பொம்மை, பல்குரல், வில்லுப்பாட்டு என்று எதிலாவது ஒன்றில் ஒவ்வொரு பிள்ளையும் பெயர் கொடுக்கட்டும்.

2024இல் வந்த மகிழ் முற்றம் இன்னும் வசதி. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகள். எல்லா வகுப்புப் பிள்ளைகளும் அதில் கலந்திருப்பார்கள். அணிக்குப் புள்ளி என்பதால் தனி ஆள் மேல் கண் படாது, கூச்சமுள்ள பிள்ளையும் உள்ளே வந்துவிடும். புள்ளியைக் குறைக்கும் வழக்கத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். ஒருவன் தாமதமாக வந்ததற்காக மருதத்துக்குப் பத்துப் புள்ளி போனால், இடைவேளையில் மருதமே சேர்ந்து அவனை வறுத்தெடுக்கும். ஆறு முதல் எட்டு வரைக்கென்றே 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றத்தின் அறிவியல் சோதனைகளை, பள்ளிக்கு வரும் கருத்தாளர் செய்துகாட்டிவிட்டுப் போன பிறகு, பிள்ளைகளே நான்காம், ஐந்தாம் வகுப்புக்குச் செய்துகாட்டட்டும். சோதனை சொதப்பினால் இன்னும் நல்லது, ஏன் சொதப்பியது என்று அரை மணி நேரம் சண்டை போடுவார்கள்.

ஆண்டு விழாவுக்கு வருவோம். பிள்ளைகள் மூன்று மணிக்கே பவுடர் பூசித் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். ஆறரைக்குச் சிறப்பு விருந்தினர் வருவார், பொன்னாடை, வாழ்த்துரை, மீண்டும் வாழ்த்துரை, எட்டு மணிக்கு மேல் பரிசு. அதற்குள் பாதிப் பாட்டிமார் வீட்டுக்குப் போயிருப்பார்கள். வரிசையை மாற்றுங்கள்: பரிசும் நடனமும் முதலில், உரை கடைசியில். பேச்சாளர்கள் தாமாகவே சுருக்கிக்கொள்வார்கள். பரிசுப் பட்டியலில் திரை இழுத்தவன், செருப்பை வரிசையாக அடுக்க வைத்தவள், ஒலிபெருக்கிக்காரருக்கு வயர் சுற்றிக் கொடுத்தவன் எல்லோரும் வர வேண்டும். பொருள் சோப்பு டப்பாவாக இருந்தாலும் சரி, எவர்சில்வர் டம்ளராக இருந்தாலும் சரி. கூடவே எதற்காக என்ற அந்த ஒரு வரி இருக்கட்டும். என்னைக் கேட்டால் புத்தகம் கொடுப்பேன்.

எல்லோருக்கும் ஆறுதல் பரிசு என்று ஒரே பேனாவை வாங்கி விநியோகிக்கும் வேலை வேண்டாம். இந்த வயதுப் பிள்ளைகளை அப்படி ஏமாற்ற முடியாது. அதற்குப் பதில் வருகைப் பட்டியலின் நகல் ஒன்றை மேசை டிராயரில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கு அட்டை கொடுத்தீர்களோ அவர் பெயருக்கு நேராக ஒரு டிக். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது டிக் இல்லாத பெயர்களைப் பாருங்கள். அவர்களுக்குச் சும்மா எழுதிக் கொடுக்கச் சொல்லவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் உங்கள் கண் யார் மேல் இருக்க வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பட்டியல்.

தலைமையாசிரியர் போர்ஷன் முடியவில்லை என்பார். வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடை மட்டும் கேளுங்கள். சந்தை நாளை எட்டாம் வகுப்பு லாப நட்டப் பாடத்தோடு சேர்த்துப் பாடக்குறிப்பில் எழுதிக் காட்டினால் மறுக்க மாட்டார். அட்டைக் காசுக்கு நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித்தான் பயன்படுத்துகிறோம். பின்பக்கம் முத்திரை குத்த மறக்க வேண்டாம், இல்லையென்றால் மதியத்துக்குள் கள்ள நோட்டு வந்துவிடும்.