66 ஒன்பதுகள்: வவுச்சர்க் கட்டில் எதைத் தேடுவது?

கேள்வி: ஐயா, திருகோணமலைக் கரையோரத்தில் எங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு இந்த வருடம் என்னை உட்கணக்காய்வாளராகத் தெரிவு செய்திருக்கிறார்கள். இரண்டு வருடத்துச் செலவு வவுச்சர்கள் 640 இருக்கின்றன. தொகைகளின் முதல் இலக்கத்தை எண்ணினால் களவு பிடிபடும் என்று நண்பன் சொன்னான். எண்ணினேன். 1இல் தொடங்குபவை 171, 2இல் 109, 3இல் 77, 4இல் 63, 5இல் 49, 6இல் 41, 7இல் 36, 8இல் 28, 9இல் 66. பத்தாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் என்றால் தலைவரும் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குக் கீழே பொருளாளரே கொடுக்கலாம். பொருளாளர் எனக்குச் சித்தப்பா முறை. இதை வைத்துப் பொதுக்கூட்டத்தில் கேட்கலாமா?

பதில்: கூட்டத்தில் கேட்க வேண்டாம் தம்பி, இப்போதைக்கு. ஆனால் எண்ணியது நல்ல வேலை. அந்த 66 வவுச்சரையும் தனியே எடுத்துக் கட்டி வையுங்கள்.

ஒன்பது இலக்கங்களுக்கு 640ஐச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 71 வருகிறதே, 66 குறைவல்லவா என்று யாராவது கேட்பார்கள். அவருக்கு ஒரு வங்கிப் புத்தகத்தைக் காட்டுங்கள். ஒரு லட்சம் ரூபாயை வருடத்துக்கு 10 வீத வட்டிக்குப் போட்டு, வட்டியையும் எடுக்காமல் விட்டால், அது இரண்டு லட்சமாவதற்கு ஏழே கால் வருடம் பிடிக்கும். அவ்வளவு காலமும் மீதி 1இல்தான் தொடங்கும். ஒன்பது லட்சம் பத்து லட்சமாக ஒரு வருடமும் சொச்சமும் போதும். ஒரு லட்சம் பத்து லட்சமாக எடுக்கும் மொத்தக் காலம் 24 வருடத்துக்குச் சற்று மேல். அதில் 30 வீதம் 1இன் பங்கு. விலையை நிறையால் பெருக்கி, கூலியைச் சேர்த்து, பல கடைகளின் பில்கள் கலந்து கிடக்கும் கணக்கிலும் ஏறக்குறைய இதே பங்கீடுதான் வரும். 1இல் தொடங்குபவை 30.1 வீதம், 2இல் 17.6, 3இல் 12.5, 4இல் 9.7, 5இல் 7.9, 6இல் 6.7, 7இல் 5.8, 8இல் 5.1, 9இல் 4.6.

இதை முதலில் கண்டவர் ஒரு வானியலாளர். சாதாரண தரத்துக்கு மடக்கை அட்டவணை புரட்டியிருந்தால் உங்களுக்கு உடனே விளங்கும். மடக்கைப் புத்தகத்தில் 1இல் தொடங்கும் எண்கள் உள்ள முன்பக்கங்கள் மட்டும் அழுக்கேறித் தேய்ந்திருப்பதைப் பார்த்து, 1881இல் சைமன் நியூகோம் எழுதினார். அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. 1938இல் ஃபிராங்க் பென்ஃபோர்ட் என்ற பௌதிகவியலாளர் ஆறுகளின் பரப்பு, சனத்தொகை என்று 20,229 எண்களைத் திரட்டிக் காட்டினார். பென்ஃபோர்ட் விதி என்று பெயர் அவருக்குப் போய்விட்டது.

சரி, உங்கள் கட்டுக்கு வருவோம். 640இல் 9இல் தொடங்குபவை 29 இருக்க வேண்டும். இருப்பது 66. எதிர்பார்த்த எண்ணிக்கையிலிருந்து இருப்பது எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் கை-வர்க்கச் சோதனை போட்டுப் பார்த்தேன். ஒன்பது இலக்கங்களுக்கு, 5 வீத மட்டத்தில், எல்லை 15.51. அதாவது தற்செயலாக அதைத் தாண்டுவது நூறில் ஐந்து தரம்தான். உங்களுக்கு 49.6 வருகிறது, அதில் 46 இந்த ஒன்பதால் மட்டும் வந்தது. மற்ற இலக்கங்கள் பெரிதாகப் பிசகவில்லை. 1இல் 22 அளவில் குறைவதும் 9 வீங்கியதன் மறுபக்கமாக இருக்கலாம்.

இது தற்செயலாக வந்திருக்காது. அதற்காகச் சித்தப்பா எடுத்தார் என்று சொல்லிவிடவும் முடியாது. அவ்வப்போது ஐஸ் கொண்டுவரும் வண்டிக்கு 950 ரூபாய் என்று விலை பேசியிருந்தால் அதிலேயே முப்பது நாற்பது ஒன்பது வந்துவிடும். ஒரே விலை திரும்பத் திரும்ப வரும் இடத்தில் பென்ஃபோர்ட் விதி வேலை செய்யாது. மாதச் சந்தாப் பணத்தில் இதைச் சோதிப்பவர் நேரத்தை வீணாக்குகிறார்.

ஆகவே 66ஐயும் மேசையில் பரப்புங்கள். 90களில் உள்ளவை, 900களில் உள்ளவை, 9,000களில் உள்ளவை என்று மூன்று குவியல். 950 ஒரே தொகையாக நிறைய இருந்தால் ஐஸ்காரரிடம் கேட்டு அந்தக் குவியலை மூடிவிடலாம். பெரும்பாலானவை 9,500க்கும் 9,990க்கும் இடையில் வந்து விழுந்தால்தான் எனக்கு மூக்கு வியர்க்கும். பத்தாயிரத்தில் கையெழுத்து எல்லை இருப்பது தெரிந்த ஒருவர் எழுதிய தொகைகள் அப்படித்தான் இருக்கும். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத் திறைசேரி அலுவலகத்து மேலாளர் ஒருவர், இல்லாத ஒரு வழங்குநர் பெயரில் 23 காசோலை எழுதி, ஏறத்தாழ 19 லட்சம் டொலர் எடுத்த வழக்கு 1993இல் நடந்தது. அதில் அநேகமான தொகைகள் ஒரு லட்சம் டொலரைத் தொடாமல் சற்றுக் கீழே நின்றன. முதல் இலக்கம் 7, 8, 9 என்பவையே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல்.

இனித் திகதிக்கு வாருங்கள். ஒரே கடை, ஒரே நாள் அல்லது அடுத்த நாள், 9,700 இரண்டு தரம் என்றால் 19,400 ரூபாய் எஞ்சின் திருத்த பில்லை இரண்டாக வெட்டியிருக்கிறார்கள். இதிலும் அவசரப்பட வேண்டாம். தலைவர் தொழிலுக்குப் போய்க் கடலில் நின்றால், கையெழுத்துக்குக் காத்திருக்க முடியாமல் பில்லை உடைத்திருக்கலாம். அது விதிமீறல்தான், ஆனால் களவு அல்ல. எஞ்சின் திருத்தியிருக்கிறதா என்று படகுக்காரரைக் கேட்டால் தெரிந்துவிடும். அப்புறம் வாடைக் காலம். மார்கழியில் கடல் கொந்தளித்துப் படகெல்லாம் கரையேறிக் கிடந்த நாட்கள் உங்களுக்கே நினைவிருக்கும். அந்த நாட்களில் ஐஸும் மண்ணெண்ணெயும் வாங்கிய வவுச்சர் இருந்தால், முதல் இலக்கம் எதுவானாலும் எடுத்து வையுங்கள்.

நான் மிகவும் நம்புவது பில் இலக்கத்தை. நகரத்துக் கடை ஒன்றின் பில் தையில் 041, வைகாசியில் 042, ஆடியில் 043 என்று வந்தால், அந்தக் கடைக்கு உங்கள் சங்கத்தைத் தவிர ஆறு மாதமாக ஒரு வாடிக்கையாளரும் வரவில்லையா? வெற்று பில் புத்தகம் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். கடைக்குப் போய் அடிக்கட்டைப் பாருங்கள்.

எக்செலில் போட்டால் லெஃப்ட் என்ற சூத்திரம் முதல் இலக்கத்தை வெட்டித் தரும், கவுன்ட்இஃப் எண்ணித் தரும். முதல் இரண்டு இலக்கத்தையும் சோதிக்க ஆசை வரும். 640 வவுச்சருக்கு அது பொருந்தாது. 99இல் தொடங்குபவை மூன்றுகூட எதிர்பார்க்க முடியாது, அதில் என்ன முடிவு எடுப்பது?

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். எழுதிய எண்ணைத்தான் இந்தச் சோதனை பார்க்கும். மீன் விற்ற காசுக்குப் பற்றுச்சீட்டே எழுதாமல் விட்டால் எந்த இலக்கமும் அழாது. அதற்கு மீன் நிறுத்த குறிப்பையும் வங்கிக் கூற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சித்தப்பா. வவுச்சர்களைப் படம் எடுத்துக்கொண்டு மூலங்களை இருந்த இடத்திலேயே விடுங்கள். விடை கிடைக்காத பத்துப் பன்னிரண்டைப் பட்டியலிட்டு, உரிய பில்லைக் காட்டும்படி அவருக்கும் செயலாளருக்கும் எழுத்தில் கொடுங்கள். வீட்டில் வைத்துப் பேச வேண்டாம். அங்கே நீங்கள் மகன், அவர் சித்தப்பா. காட்டினால் கோப்பில் போடுங்கள். காட்டாவிட்டால் அந்தப் பட்டியலைச் செயற்குழுவுக்கும் கூட்டுறவுக் கணக்காய்வாளருக்கும் கொண்டு போங்கள். முதல் இலக்க அட்டவணையை அதோடு இணைக்கத் தேவையில்லை. அவர்கள் கேட்கப் போவது பில்லைத்தான்.