வடக்கே ஓடும் காவிரி

(வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். கடந்த மே மாத விடுமுறையில் குடும்பத்துடன் திருவரங்கம் சென்று இரண்டு நாட்கள் தங்கினோம். ரங்கநாதர் கோயில், திருவானைக்காவல், மலைக்கோட்டை, முக்கொம்பு, கல்லணை, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டோம். ஊர் திரும்பிய பிறகு, பள்ளியில் தீவுகளைப் பற்றிப் பாடம் நடந்தபோதுதான் நாங்கள் தங்கியிருந்த ஊரே ஒரு தீவு என்று மகள் வந்து சொன்னாள். அங்கிருந்த இரண்டு நாட்களில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஊருக்கு வடக்கே இருக்கும் கொள்ளிடம் ஆறு வெறும் மணல்வெளியாகத்தான் கிடந்தது. வெள்ளக் காலத்தில் அதில் போகும் தண்ணீரும் கடலில் வீணாகத்தானே கலக்கிறது?

வரும் ஜனவரியில் மீண்டும் செல்ல நினைக்கிறோம். இம்முறை எதைப் பார்க்கலாம்? கோயிலில் எந்த வாசல் வழியாகச் சென்றால் கூட்டம் குறைவாக இருக்கும்? அல்லது கர்நாடகத்தில் இருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம் சென்றால் தீவைப் பார்த்த நிறைவு கிடைக்குமா?

(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று ஐப்பசி முதல் நாள். அதிகாலையில் அம்மா மண்டபம் படித்துறைக்குச் சென்று, தங்கக் குடத்தில் காவிரி நீரை எடுத்து யானைமீது வைத்துக் கோயிலுக்குக் கொண்டுசெல்வதைப் பார்த்துவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். நான் அங்கு நின்று எதை நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதையே உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரியாகப் படித்தேன். அதனால்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கேள்விகளில் சிலவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். ஜனவரியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டி வருவீர்களானால் கூட்டம் குறைவான வாசல் என்று ஒன்று கிடையாது. பகல் பத்து, இராப் பத்து உற்சவம் முடிந்த பிறகு வாருங்கள். மூன்று அரங்கங்களையும் ஒரே பயணத்தில் பார்க்கும் வழக்கம் பழையது. ஆதி ரங்கம், மத்திய ரங்கம், அந்திய ரங்கம் என்று ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் சிவசமுத்திரத்தையும் திருவரங்கத்தையும் வரிசைப்படுத்திச் சொல்வார்கள். மூன்றும் காவிரி சூழ்ந்த நிலங்கள். சிவசமுத்திரத்தின் அருவிகளைப் பார்க்க மழைக்காலமே ஏற்றது. ஆனால் தீவைத் தேடி அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. நீங்கள் ஏற்கெனவே ஒரு தீவில் இரண்டு இரவுகள் உறங்கியிருக்கிறீர்கள்.

அது தெரியாமல் போனதற்கு உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். அரங்கம் என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்று பொருள். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் திருமால் கிடந்த இந்த இடத்தைக் காவிரியின் நடுவிலுள்ள துருத்தி என்கிறார். துருத்தி என்றாலும் ஆற்றின் நடுவே எழுந்த நிலம்தான். ஊரின் பெயரே தன்னைத் தீவு என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஏழு மதில்களையும் 236 அடி உயர ராஜகோபுரத்தையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். மலைக்கோட்டை ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். உச்சிப் பிள்ளையார் சன்னதியில் நின்று வடக்கே ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதுமே! முதலில் காவிரி, அடுத்துத் தென்னந்தோப்புகளும் கோபுரங்களுமாக ஒரு பசுமைத் திட்டு, அதற்கும் அப்பால் அகன்ற மணலாகக் கொள்ளிடம் என்று முழுத் தீவும் உங்கள் மகளின் கண்முன் இருந்திருக்கும்.

ஆனால் இதில் உங்கள் குற்றம் மட்டும் இல்லை. திருவரங்கத்துக்கு வருகிறவர்கள் அநேகமாகத் தெற்கிலிருந்துதான் வருகிறார்கள். திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து, அம்மா மண்டபத்தில் குளித்து, தெற்கு வாசலில் ராஜகோபுரத்தின் கீழ் நுழைந்து, அதே வழியில் திரும்பிவிடுகிறார்கள். பெருமாளும் முடியை மேற்கிலும் பாதத்தைக் கிழக்கிலும் வைத்து, வடக்குக்கு முதுகு காட்டித் தெற்கே இலங்கையை நோக்கிப் பள்ளிகொண்டிருப்பதாகத் தொண்டரடிப்பொடி ஆழ்வார் பாடியிருக்கிறார். பெருமாள் முதுகு காட்டிய திசைதானே என்று நாமும் கொள்ளிடத்துக்கு முதுகு காட்டிவிட்டோம்.

அதே பெருமாளுக்கு நாள்தோறும் திருமஞ்சன நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஐப்பசி ஒரு மாதம் மட்டுமே காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் வருகிறது. மற்ற மாதங்களில் வெள்ளிக் குடத்தில் வருவது கொள்ளிடத்து நீர். கோயில் வழக்கில் அதற்குக் கொள்ளிடம் என்றுகூடப் பெயர் இல்லை, வடதிருக்காவிரி என்பார்கள். நீங்கள் மணல்வெளி என்று எழுதிய ஆற்றைக் கோயில் காவிரி என்றே அழைக்கிறது. ஐப்பசி முதல் நாளில் தங்கக் குடத்தைப் பார்க்கப் படித்துறையில் இடமில்லாமல் மக்கள் நின்றார்கள். வடக்கே மாதக்கணக்கில் அமைதியாக நீர் எடுக்கும் துறைக்கு ஒரு காலையிலாவது இவர்களில் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்றுதான் அன்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி, ‘வீணாக’ என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். இந்தச் சொல்லை நான் ஒவ்வோர் ஆண்டும் ஆடி, ஆவணியில் கேட்கிறேன். மேட்டூர் நிரம்பி உபரி நீர் திறக்கப்பட்டதும் கொள்ளிடத்தில் இத்தனை ஆயிரம் கன அடி வீணாகப் போகிறது என்று செய்தி வந்துவிடும். படித்தவர்களே அதைத் திரும்பச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கொள்ளிடம் என்ற பெயருக்கு, வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று பொருள் சொல்வார்கள். (கொல்லும் இடம் என்று திருமங்கையாழ்வாரோடு சேர்த்து ஒரு கதையும் உண்டு, அதை இப்போது விட்டுவிடுகிறேன்.) முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போகும் காவிரி, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயல்களுக்குள் போகவேண்டிய ஆறு. அதன் கரைகள் பெருவெள்ளத்தைத் தாங்கமாட்டா. தாழ்ந்தும் அகன்றும் கிடக்கும் கொள்ளிடம் அந்த வெள்ளத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. அது வாங்காவிட்டால் நீங்கள் தங்கிய விடுதியின் தரைத்தளம் நீரில் நின்றிருக்கும். தஞ்சைச் சமவெளியின் நெல் அழுகியிருக்கும்.

கொள்ளிடம் தாழ்ந்திருந்ததால் ஒரு காலத்தில் அளவுக்கு மீறிய நீரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, காவிரி மணல்மேடிட்டது. அதைச் சரிசெய்யத்தான் 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். ஆழம் காணமுடியாத மணலின்மேல் அணைக்கு எப்படி அடித்தளம் இடுவது என்பதை அவர் கற்றுக்கொண்டது தீவின் கிழக்கு முனையில் கரிகாலன் பெயரால் நிற்கும் கல்லணையிடமிருந்து. பெருங்கற்களை ஆற்று மணலில் போட, அவை தம் எடையாலேயே புதைந்து இறங்கும். அவற்றின்மேல் மேலும் கற்களை அடுக்கிக்கொண்டே போய், அசைவு நின்ற பிறகு எழுப்பிய அணை அது. மேற்கே முக்கொம்பில் பிரிந்த ஆறுகள் கிழக்கே கல்லணைக்கு அருகில் மறுபடி நெருங்கிவந்து, காவிரி நீர் கொள்ளிடத்துக்குள் சரிந்துவிடப் பார்க்கிறது. அதைத் தடுத்து நிறுத்துவது அந்தக் கல்லணைதான். நீங்கள் பார்த்த இரண்டு அணைகளுக்கும் நடுவே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடப்பதுதான் உங்கள் தீவு.

அப்படியானால் மிச்ச நீர் கடலுக்குத்தானே போகிறது என்பீர்கள். வழியில் அணைக்கரையில் கீழணை இருக்கிறது. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரி நிரம்புகிறது. வீராணத்திலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் போகிறது. வடக்கு ராஜன், தெற்கு ராஜன் வாய்க்கால்கள் கொள்ளிடத்து நீரைக் கொண்டுதான் இரு கரை வயல்களையும் நனைக்கின்றன. கீழணையையும் தாண்டிக் கடலுக்குப் போகும் நீர், உப்பு நீர் நிலத்துக்குள் ஏறிவராமல் எதிர்த்து நிற்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கும் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகள் நன்னீரும் உப்பு நீரும் கலக்கும் இடத்தில் வளர்பவை. அங்கே படகில் போய்ப் படம் எடுத்துக்கொள்ளும் நாம், அந்தக் காட்டுக்கு ஆறு கொடுக்கும் பங்கை வீண் என்கிறோம். பழையாற்று மீனவரிடம் போய், ஆற்றுநீர் கடலில் சேர்வது வீணா என்று கேளுங்கள். கடலுக்கும் காவிரியில் பங்கு உண்டு, நண்பரே.

நீர் ஓடாத கொள்ளிடமும் வெறும் மணல்வெளி இல்லை. நான் பிறந்து வளர்ந்தது கொள்ளிடத்தின் வடகரையில், உத்தமர்கோயில் பக்கம். சித்திரை, வைகாசியில் என் பாட்டி விடியும் முன்பே பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குள் இறங்குவாள். கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போவேன். நாணல் புதருக்குச் சற்றுத் தள்ளி மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் மணலை வாரி ஒதுக்குவாள். முழங்கை ஆழம் போனதும் மணலின் நிறம் கறுக்கும். இன்னும் ஒரு சாண் தோண்டினால் பக்கவாட்டிலிருந்து நீர் கசிந்து குழியில் சேரும். முதலில் கலங்கலாக வருவதை மூன்று முறை இறைத்து ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவசரப்பட்டு நான் கொட்டாங்கச்சியை விட்டால் கையில் அடி விழும். அடியில் கிடக்கும் மணல் துகள் ஒவ்வொன்றாகத் தெரியும் அளவுக்கு நீர் தெளிந்த பிறகுதான் மொண்டு, குடத்தின் வாயில் கட்டிய வேட்டித் துணியின்மேல் ஊற்றுவாள். குடம் நிறைந்ததும் ஊற்றை மூடமாட்டாள். ஆடு, மாடு, காக்கை குடிக்கட்டும் என்று அப்படியே விட்டு வருவாள்.

அந்த நீர் முந்தைய ஆண்டின் வெள்ளம். நீங்கள் வீண் என்ற வெள்ளத்தைத்தான் மணல் வாங்கி வைத்திருந்து, மே மாதத்தில் பாட்டியின் குடத்துக்குக் கொடுத்தது. இன்றும் திருச்சி நகரம் குடிக்கும் நீரில் ஒரு பகுதி கொள்ளிடத்து மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்து வருகிறது. விடுதியில் நீங்களும் அதைக் குடித்திருக்கக்கூடும். மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனால் இந்தச் சேமிப்புக்கு இடமே இல்லாமல் போகும். சென்ற கோடையில் பேத்தியை அழைத்துக்கொண்டு பாட்டி தோண்டிய அதே பக்கத்தில் போய்த் தோண்டிப் பார்த்தேன். என் இடுப்பளவு ஆழம் போயும் ஈரம் மட்டுமே கையில் ஒட்டியது. குழந்தை ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீண் என்ற சொல்லை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. தீவில் இருந்தோம், தெரியவில்லையே என்று வெட்கப்பட்டு எழுதிய ஒருவரிடம்தான் இதையெல்லாம் உரிமையோடு சொல்லமுடியும். உங்கள் மகள் கண்டு சொன்னது மிக நல்ல விஷயம். அதைச் சொன்னதற்காக அவளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

ஜனவரியில் வாருங்கள். மாத இறுதியில் மேட்டூர் அடைபடுவது வழக்கம், அதற்குள் வந்தால் காவிரியில் நீர் இருக்கும். திருவானைக்காவலுக்கு இன்னொரு முறை செல்லுங்கள். நீருக்குரிய தலமான (அப்புத் தலம்) அங்கே லிங்கத்தைச் சுற்றி நீர் கசிந்துகொண்டிருப்பதை மகளுக்குக் காட்டி, ஆறு தரைக்குக் கீழேயும் இருக்கிறது என்று சொல்லுங்கள். வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு மறுபடி போகாவிட்டாலும் குறையில்லை. ஒரு நாள் அதிகாலையில் மட்டும் ராஜகோபுரத்தின் பக்கம் போகாமல் வடக்கு வாசல் வழியாக வெளியேறி, தசாவதார சன்னதியைத் தாண்டிக் கொள்ளிடக் கரைக்கு நடந்து போங்கள். வெள்ளிக் குடத்தில் நீர் எடுப்பதைப் பார்க்கலாம்.

அங்கிருந்து பாலத்துக்கு வாருங்கள். 1928-இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தில் என் அப்பா சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்துத் தினமும் தீவுக்குள் பள்ளிக்கு அழைத்துவருவார். போகும்போது பாலத்தின் தூண்களுக்கு இடையிலுள்ள கண்களில் எத்தனையில் நீர் ஓடுகிறது என்று எண்ணச் சொல்வார். ஆடியில் எல்லாக் கண்களிலும் ஓடும், எண்ணத் தேவையில்லை; தை பிறந்தால் குறையத் தொடங்கும். போக்குவரத்து நின்றுபோயிருந்த அந்தப் பாலத்தின் ஒரு பகுதி 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. சில நாட்களிலேயே, 22-ஆம் தேதி இரவு, முக்கொம்பில் கொள்ளிடத்தின் மதகுகளில் 9 உடைந்து போயின. புதிய பாலத்தின் நடைபாதையில் நின்று பழைய தூண்கள் சாய்ந்துகிடந்ததைப் பார்த்தபோது, அப்பாவின் சைக்கிள் மணிதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அந்தப் புதிய பாலத்தில் உங்கள் மகளை, தீவின் பக்கத்திலிருந்து தொடங்கி நம்பர் 1 டோல்கேட் முடிய நடக்கச் சொல்லுங்கள். எத்தனை கண்களில் நீர் ஓடுகிறது, எத்தனையில் மணல் தெரிகிறது என்று எண்ணி, அவள் கையாலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.