கேள்வி நேரம்: ஒரே தேதியில் எப்படி இத்தனை?

கேள்வி: போனைத் திறந்தாலே 'வரலாற்றில் இன்று' என்று ஒரு பட்டியல் வந்து விழுகிறது. சில தேதிகளில் மட்டும் பெரிய பெரிய சம்பவங்களாகக் குவிந்து கிடக்கின்றனவே, அந்தத் தேதிகளுக்கு ஏதாவது ராசி உண்டா?

பதில்: ராசியெல்லாம் இல்லை, கணக்குதான். வருஷத்துக்கு மிஞ்சிப்போனால் 366 தேதி. சில ஆயிரம் வருஷத்துப் போர், பிறப்பு, சாவு, கண்டுபிடிப்பு, பூகம்பம் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடைத்தாக வேண்டும், அப்புறம் ஒன்றோடொன்று இடிக்காமல் என்ன செய்யும்? வெறும் 23 பேர் இருக்கும் அறையில் யாராவது இரண்டு பேருக்குப் பிறந்தநாள் ஒன்றாக அமையும் வாய்ப்பே பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆபிரகாம் லிங்கனும் சார்லஸ் டார்வினும் தேதி மட்டுமல்ல, வருஷமும் சேர்த்து ஒரே நாளில், 1809 பிப்ரவரி 12 அன்று பிறந்தவர்கள். அதில் ஒரு மர்மமும் இல்லை.

கலிலியோ இறந்து சரியாக 300 வருஷம் கழித்து, 1942 ஜனவரி 8 அன்று பிறந்தவர் ஸ்டீபன் ஹாக்கிங். இதை அவரே குறிப்பிட்டுவிட்டு, அன்றைக்கு என்னோடு இன்னும் ஒரு இரண்டு லட்சம் குழந்தைகள் பிறந்திருக்கும் என்றும் சேர்த்துச் சொல்வார். 2018-இல் அவர் இறந்தது மார்ச் 14, அது ஐன்ஸ்டீனின் பிறந்தநாள். உயிரோடு இருந்திருந்தால் அதற்கும் இதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

ஆனால் எல்லாவற்றையும் தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது. பல இடங்களில் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் அடியில் யாரோ ஒருவருடைய கை வேலை தெரியும். எனக்குச் சுவாரசியம் அங்கேதான்.

கேள்வி: அப்படியானால் சுற்றி வளைக்காமல் ஒரே ஒரு தேதியைச் சொல்லுங்கள். உங்கள் நம்பர் ஒன் எது?

பதில்: நவம்பர் 9. யோசிக்கவே வேண்டாம். ஜெர்மனியின் விதி நாள் என்றே அதற்குப் பெயர்.

1848-இல் ஜனநாயகவாதி ராபர்ட் ப்ளூமை வியன்னாவில் சுட்டுக்கொன்றது இந்தத் தேதியில்தான், அதை இத்தோடு விட்டுவிடுவோம். கதை சூடு பிடிப்பது 1918-இல். முதல் உலகப்போரில் ஜெர்மனி தோற்றுக்கொண்டிருக்கிறது, பெர்லின் தெருவெல்லாம் கூட்டம். கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் இன்னும் முடிவே எடுக்காத நிலையில், அவர் பதவி விலகிவிட்டார் என்று பிரதமர் இளவரசர் மாக்ஸ் தானாகவே அறிவித்துவிடுகிறார். மதியம் நாடாளுமன்றத்தின் பால்கனியில் நின்று சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமான் குடியரசை அறிவிக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து அரண்மனைப் பக்கம் கார்ல் லீப்க்னெஷ்ட் இன்னொரு குடியரசை, சோஷலிசக் குடியரசை அறிவிக்கிறார். ஒரே ஊர், ஒரே நாள், இரண்டு குடியரசு.

அந்த நாளைத் துரோக நாள் என்று கறுவிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ஹிட்லர். ஐந்து வருஷம் கழித்து 1923 நவம்பர் 8 இரவு, மியூனிக்கில் ஒரு பீர் கூடத்தில் நடந்த கூட்டத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார். மறுநாள் 9-ஆம் தேதி ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டதில் அவருடைய ஆட்கள் 16 பேர் செத்தார்கள், போலீஸ் தரப்பில் நாலு பேர். கலகம் படுதோல்வி. ஆனால் 1933-இல் ஆட்சிக்கு வந்ததும் அந்தத் தோல்வியையே தியாகத் திருநாளாக்கி, வருஷா வருஷம் அதே கூடத்தில் கூடிப் பேசுவது, மறுநாள் ஊர்வலம் என்று சடங்காக்கிவிட்டார்கள்.

இனிமேல் நடப்பதைத் தற்செயல் என்று சொல்லவே முடியாது. 1938-இல் பாரிஸில் ஒரு யூத இளைஞன் சுட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி நவம்பர் 9 அன்று இறந்துபோகிறார். செய்தி வரும் நேரத்தில் ஹிட்லரின் நாஜிக் கட்சியின் பழைய ஆட்கள் அத்தனை பேரும் அந்த நினைவு விழாவுக்காக மியூனிக்கில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிரசார அமைச்சர் கோயபல்ஸ் எழுந்து பேசுகிறார், மாகாணத் தலைவர்கள் அங்கிருந்தே தங்கள் ஊர்களுக்குப் போன் போடுகிறார்கள். அன்றிரவு நாடு முழுக்க யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின, அடுத்தடுத்து 30,000 பேர் அளவில் யூத ஆண்களைப் பிடித்து வதைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். எல்லாரும் அவரவர் ஊரில் இருந்திருந்தால் அந்த வெறியாட்டம் நடந்திருக்காதா என்றால், வேறொரு நாளில் நடந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கே, அத்தனை வேகமாக நடந்ததற்கு அந்த விழாவும் ஒரு காரணம்.

அதே வழக்கம் ஹிட்லரின் உயிருக்கே உலை வைத்திருக்க வேண்டியது. வருஷம் தவறாமல் நவம்பர் 8 இரவு அதே மேடைக்கு வருவார் என்பது ஊருக்கே தெரியும் இல்லையா? கெயோர்க் எல்சர் என்ற தச்சர், மேடைக்குப் பின்னால் இருந்த தூணை ராத்திரி ராத்திரியாகக் குடைந்து, 1939-இல் அதற்குள் குண்டு வைத்தார். அன்று மூடுபனி, விமானம் பறக்காது, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஹிட்லர் பேச்சைச் சுருக்கிக்கொண்டு கிளம்பிவிட, 13 நிமிஷம் கழித்துக் குண்டு வெடித்தது. எட்டுப் பேர் செத்தார்கள், வந்த ஆள் தப்பித்தார்.

கடைசியாக 1989, பெர்லின் சுவர். இதுதான் அசல் தற்செயல், அதிலும் கோமாளித்தனமான தற்செயல். கிழக்கு ஜெர்மனிக்காரர்கள் வெளியே போய்வரலாம் என்ற புது விதியை மறுநாள், அதாவது 10-ஆம் தேதிதான் அமல்படுத்துவதாகத் திட்டம். அதைப் பத்திரிகையாளர்களுக்குச் சொல்ல வந்த குந்தர் ஷபோவ்ஸ்கி, அந்த முடிவு எடுத்த கூட்டத்தில் இருக்கவில்லை, கையில் கொடுத்த தாளையும் சரியாகப் படித்திருக்கவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டதும் தாள்களைப் புரட்டிவிட்டு, எனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். டிவியில் இதைப் பார்த்த ஜனம் சுவருக்குப் படையெடுத்தது. மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு எதுவும் வராமல், போர்ன்ஹோல்மர் தெருச் சோதனைச்சாவடியில் இருந்த அதிகாரி ஹரால்ட் யேகர், நள்ளிரவு நெருங்கும்போது கேட்டைத் திறந்துவிட்டார். ஷபோவ்ஸ்கி தாளை ஒழுங்காகப் படித்திருந்தால் இன்றைக்கு நாம் நவம்பர் 10 பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

இவ்வளவு நடந்தும் ஜெர்மனியின் தேசிய நாள் நவம்பர் 9 இல்லை. அந்த 1938 இரவை வைத்துக்கொண்டு எப்படிப் பட்டாசு வெடிப்பது? இரு ஜெர்மனிகளும் 1990-இல் இணைந்த அக்டோபர் 3-ஐ எடுத்துக்கொண்டார்கள். நல்ல முடிவு.

கேள்வி: ஷேக்ஸ்பியரும் ஸ்பெயினின் செர்வாண்டிஸும் ஒரே நாளில், 1616 ஏப்ரல் 23 அன்று இறந்தார்கள் என்பது உண்மையா?

பதில்: தேதி ஒன்று, நாள் வேறு. ஸ்பெயின் 1582-லேயே போப் கிரிகோரியின் புது நாள்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து போப் சொல்லி நாம் கேட்பதா என்று பழைய ஜூலியன் நாள்காட்டியையே கட்டிக்கொண்டு அழுதது, இரண்டுக்கும் அப்போது பத்து நாள் இடைவெளி. ஆக, ஷேக்ஸ்பியர் இறந்தது ஸ்பெயின் கணக்கில் மே 3. போதாக்குறைக்கு செர்வாண்டிஸ் இறந்தது 22-ஆம் தேதியாக இருக்க வேண்டும், 23 அவரை அடக்கம் செய்த நாள் என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் முடிவு. இருந்தாலும் அந்த ஏப்ரல் 23-ஐயே யுனெஸ்கோ உலகப் புத்தக நாளாக அறிவித்திருக்கிறது. அறிவிக்கட்டும், புத்தகம் படிக்க ஒரு சாக்கு.

இதே கோளாறில் பிறந்த இன்னொரு கதை, கலிலியோ இறந்த வருஷமே நியூட்டன் பிறந்தார் என்பது. நியூட்டனின் 1642 டிசம்பர் 25 பழைய கணக்கு, புதுக் கணக்கில் அது 1643 ஜனவரி 4. கலிலியோவின் தேதியோ புதுக் கணக்கு. ஒருவருக்கு ஒரு காலண்டர், அடுத்தவருக்கு வேறு காலண்டர் என்று பார்த்தால் எதையும் எதோடும் பொருத்திவிடலாம்.

கேள்வி: ரஷ்யாவின் அக்டோபர் புரட்சியை நவம்பரில் கொண்டாடினார்களாமே?

பதில்: அதே காலண்டர் சங்கதிதான். பழைய கணக்கில் 1917 அக்டோபர் 25, புதிதில் நவம்பர் 7. ஆட்சிக்கு வந்த லெனின் அரசு 1918-இல் காலண்டரை மாற்றியபோது, ஜனவரி 31-க்கு மறுநாள் நேராக பிப்ரவரி 14.

கேள்வி: அமெரிக்க சுதந்திர நாளான ஜூலை 4 அன்று இரண்டு முன்னாள் ஜனாதிபதிகள் ஒரே நாளில் இறந்தார்கள் என்று படித்தேன். இதுவும் காலண்டர் குழப்பமா?

பதில்: இல்லை, இது நிஜம். ஜெஃபர்சனும் ஜான் ஆடம்ஸும் 1826 ஜூலை 4 அன்று, சில மணி நேர இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். இருவருமே சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்கள், அன்று அந்தப் பிரகடனத்துக்குச் சரியாக 50-ஆம் ஆண்டு நிறைவு. ஐந்து வருஷம் கழித்து 1831-இல் இன்னொரு முன்னாள் ஜனாதிபதி மன்றோவும் அதே ஜூலை 4 அன்று இறந்தார்.

கடவுளின் முத்திரை என்றே அன்றைக்குப் பலர் நம்பினார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. ஆடம்ஸுக்கு வயது 90, ஜெஃபர்சனுக்கு 83, இருவரும் ஏற்கெனவே படுத்த படுக்கை, நாடே அந்த 50-ஆம் ஆண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. முந்தின இரவு ஜெஃபர்சன் கண் விழித்து, நாலாம் தேதி வந்துவிட்டதா என்று கேட்டதாகப் பதிவு இருக்கிறது. ஒரு நாளுக்காகக் காத்திருந்து உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவர்கள்தான் சொல்ல வேண்டும், ஆனால் அவர் காத்திருந்தார் என்பது மட்டும் தெரிகிறது.

இதில் வேடிக்கை, சுதந்திரம் வேண்டும் என்று ஓட்டுப் போட்டது 1776 ஜூலை 2. வருங்காலச் சந்ததி ஜூலை 2-ஐத்தான் கொண்டாடப் போகிறது என்று ஆடம்ஸ் மனைவிக்குக் கடிதமே எழுதினார். ஜூலை 4 என்பது பிரகடனத்தின் வாசகத்தை ஏற்றுக்கொண்ட நாள், பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டதோ ஆகஸ்ட் 2.

கேள்வி: பேர்ல் ஹார்பர் தாக்குதல் டிசம்பர் 7 என்கிறார்கள், ஜப்பானியர்கள் 8 என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும். ஹவாயில் 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சற்று முன். அந்த நேரம் டோக்கியோவில் 8-ஆம் தேதி விடிகாலை மூன்றே கால் தாண்டியிருந்தது. இதை விடப் பெரிய குழப்பம் மலாயாவில். கோத்தா பாருவில் ஜப்பான் படை இறங்கியது டிசம்பர் 8 என்றுதான் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும், ஆனால் அது பேர்ல் ஹார்பருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே தொடங்கிவிட்டது. எட்டாம் தேதிச் சண்டை ஏழாம் தேதிச் சண்டைக்கு முந்தியது! தேதியை மட்டும் வைத்து எது முதல், எது பிறகு என்று வரிசை போடுகிறவர்கள் இங்கே வழுக்கி விழுவார்கள்.

நிலாவில் மனிதன் இறங்கியதும் அப்படியே. அமெரிக்காவில் 1969 ஜூலை 20, இந்திய நேரப்படி 21 அதிகாலை. பாரதியார் மறைவுக்கு 11, 12 என்று இரண்டு செப்டம்பர் தேதிகள் புழங்குவதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்து ஒன்றரை மணி வாக்கில், அதை முந்தின நாளின் இரவு என்று எண்ணுகிறவர்களுக்கு 11, கடிகாரத்தைப் பார்க்கிறவர்களுக்கு 12.

கேள்வி: ஆகஸ்ட் 15?

பதில்: ஆள் வைத்துப் பொறுக்கிய தேதி. தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த மவுண்ட்பேட்டனுக்கு, ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்ட் 15 மனதுக்கு நெருக்கமான நாள், அதன் இரண்டாம் ஆண்டு நிறைவையே இந்தியாவுக்குக் குறித்தார். தென் கொரியா 1948-இல் அதே தேதியில் அரசு அமைத்ததும் ஜப்பான் பிடியிலிருந்து விடுபட்ட அந்த நாளுக்காகத்தான். நெப்போலியனும் அரவிந்தரும் ஆகஸ்ட் 15-இல் பிறந்ததற்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை.

கேள்வி: பெரிய சம்பவம் நடக்கிற அன்றே நடந்து, யார் கண்ணிலும் படாமல் போன செய்தி ஏதாவது உண்டா?

பதில்: 1963 நவம்பர் 22. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியை டல்லாஸில் சுட்டுக்கொன்ற நாள். அன்றே ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி.எஸ். லூயிஸும் இறந்தார்கள், இரண்டு பேருமே உலகப் புகழ் பெற்ற எழுத்தாளர்கள். வேறு எந்த நாளாக இருந்தாலும் முதல் பக்கத்தில் வந்திருக்கும்.

கேள்வி: சரி, எதுவுமே நடக்காத நாள் என்று ஒன்று உண்டா?

பதில்: 1954 ஏப்ரல் 11, ஞாயிறு. நான் சொல்லவில்லை, கம்ப்யூட்டர் சொன்னது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு புரோகிராமர் கோடிக்கணக்கான தகவல்களைத் தன் தேடல் நிரலில் ஏற்றி, 1900-க்குப் பிறகு படு சுவாரசியமில்லாத நாள் எது என்று கேட்டபோது வந்த பதில் இது. பெல்ஜியத்தில் ஒரு தேர்தல், துருக்கியில் பிற்காலத்தில் பேராசிரியரான ஒருவரின் பிறப்பு, அவ்வளவுதான் தேறியது. ஆனால் பதிவாகாத நாளுக்கும் நடக்காத நாளுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, அந்த நாளிலும் யாரோ கல்யாணம் செய்திருப்பார்கள். பிபிசி ஒருமுறை, 1930 ஏப்ரல் 18 புனித வெள்ளி அன்று, இன்று செய்தி எதுவும் இல்லை என்று ரேடியோவில் சொல்லிவிட்டு பியானோ வாசிக்கவிட்டது. இன்றைய சேனல்களுக்கு அந்தத் துணிச்சல் வராது.

கேள்வி: பிப்ரவரி 30 அன்று என்ன நடந்தது? (என் பையன் கேட்கச் சொன்னான்.)

பதில்: பையனிடம் சொல்லுங்கள், அப்படி ஒரு தேதி ஸ்வீடனில் நிஜமாகவே வந்தது, 1712-இல். லீப் நாட்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மெல்ல மெல்லப் புது காலண்டருக்கு மாறலாம் என்று 1700-இல் தொடங்கினார்கள். அந்த வருஷம் பிப்ரவரி 29-ஐ விட்டவர்கள் 1704-லும் 1708-லும் விடாமல் போக, ஜூலியனும் இல்லாமல் கிரிகோரியனும் இல்லாமல் உலகத்தில் யாரோடும் ஒட்டாத தேதியில் நாடு நின்றது. வெறுத்துப்போய், ஒரு நாளைக் கூடுதலாகச் சேர்த்துப் பழைய காலண்டருக்கே திரும்பிவிட்டார்கள், அந்தக் கூடுதல் நாள்தான் பிப்ரவரி 30. பிறகு 1753-இல் ஒரே தாவலாகப் பதினொரு நாளைத் தாண்டி மாறிக்கொண்டார்கள்.