வாசகர் கேள்வி: விரட்டியது யார்?

கேள்வி: ‘தி லாஸ்ட் பிளாக் மேன் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’ படத்தில் யாரும் யாரையும் அடித்து விரட்டவில்லை. பிறகு எப்படிக் கறுப்பின மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள்?

பதில்: பெரிய விரட்டல் அந்தப் படம் (2019) காட்டும் காலத்துக்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. கதை நடக்கும், சான் ஃபிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வட்டாரத்திலிருந்து 1942இல் ஜப்பானிய அமெரிக்கர்களை அரசு போர்க்காலத் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டுபோனது. காலியான வீடுகளில், கப்பல் கட்டும் வேலைக்காக டெக்சாஸ், லூசியானாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர் குடியேறினார்கள். வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு கொடுக்க ஆளில்லை.

1930களில் மத்திய அரசு நிறுவனம் ஒன்று தயாரித்த வரைபடத்தில் அந்த வட்டாரத்துக்குச் சிவப்பு நிறம். சிவப்பு என்றால் வீடு வாங்கவும் பழுது பார்க்கவும் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. பழுது பார்க்காத வீடு சீரழியும். அதையே காரணம் காட்டி ‘பாழடைந்த பகுதி’ என்று அறிவித்துவிட்டார்கள். 1949 வீட்டுவசதிச் சட்டப்படி நகர மறுசீரமைப்பு நிறுவனம் நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, இடித்து, தனியாருக்கு விற்றது. இதில் வரும் நட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. வெளியேறியவர்களுக்கு, திரும்பி வர முன்னுரிமைச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஆனால் இடித்த மனைகள் ஆண்டுக்கணக்கில் பொட்டலாகவே கிடந்தன. அதற்குள் குடும்பங்கள் திசைக்கொன்றாய்ச் சிதறிப் போயின. 1970இல் நகர மக்களில் சுமார் 13 சதவீதமாக இருந்த கறுப்பினத்தவர் 2020இல் சுமார் 5 சதவீதம். இது எனக்கு மன்னிக்க முடியாத அநியாயமாகவே படுகிறது.

இடிபடாமல் தப்பிய விக்டோரியா வீடுகளின் (19ஆம் நூற்றாண்டுப் பாணி மர வீடுகள்) விலை ஏறியபோது வாடகைக்காரருக்கு ஒரு பைசா லாபமில்லை. வீட்டுச் சொந்தக்காரர்களையும் சொத்து வரி விரட்டியது என்று சொல்ல முடியாது. கலிஃபோர்னியாவில் 1978 முதல், வீடு கைமாறாதவரை, வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. கடனும் வாரிசுத் தகராறும்தான் வீட்டைப் பறிக்கும். படத்தில், நாயகன் ஜிம்மி தன் குடும்ப வீடு என்று உரிமை கொண்டாடும் வீட்டில் குடியிருக்கும் வெள்ளைக்காரத் தம்பதியே வாரிசுத் தகராறில்தான் வீட்டைவிட்டுப் போகிறார்கள்.

ஜிம்மி ஜன்னல் சட்டத்துக்கு பெயின்ட் அடிக்கும் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். அந்த வீட்டைப் பேணிக் காப்பவன் அவன்தான், ஆனால் பத்திரம் அவன் பேரில் இல்லை.

கேள்வி: கறுப்பினத்தவர் தெருவில் வெள்ளைக்காரர் வீடு வாங்கிக் குடிவருவதை இதற்கு முன்பு காட்டிய படம்?

பதில்: ஸ்பைக் லீயின் ‘டு த ரைட் திங்’ (1989). புரூக்ளின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் தெருவில், சைக்கிளோடு வரும் ஒரு வெள்ளைக்காரர், பகின் அவுட் என்ற கறுப்பின இளைஞனின் புது ஜோர்டன் ஷூவை அழுக்காக்கிவிடுகிறார். சண்டை ஷூவில் தொடங்கி, ‘எங்கள் தெருவில் வீடு வாங்கச் சொன்னது யார்?’ என்பதில் வந்து நிற்கிறது. ஒரே ஒரு சின்னக் காட்சிதான். ஆனால் அந்தத் தெருக்களில் வீட்டு விலை பின்னாளில் எகிறியதை வைத்துப் பார்த்தால், படத்திலேயே தீர்க்கமான இடம் அதுதான்.