முதல் கேலக்ஸி எஸ் அமெரிக்காவில் ஏன் ஆளுக்கொரு பெயரில் விற்கப்பட்டது?

2010-இல் வந்த முதல் சாம்சங் கேலக்ஸி எஸ், நம் ஊரில் ஒரே பெயரில் விற்றது. அமெரிக்காவில் மட்டும் ஏன் இத்தனை பெயர் என்பது கேள்வி. அப்போது நான் நியூஜெர்சியில் இருந்தேன். அதில் ஒன்றை வாங்கி ஏமாந்தவன் நான். ஏமாற்றியவர் யாருமில்லை, விசாரிக்காமல் வாங்கியது என் தப்பு.

அங்கே நெட்வொர்க் நிறுவனத்துக்கு ஒரு பெயர். ஏ.டி. அண்ட் டி-யில் அதன் பெயர் கேப்டிவேட். டி-மொபைலில் வைப்ரன்ட், வெரைசனில் ஃபேசினேட், ஸ்பிரின்ட்டில் எபிக் 4ஜி, யு.எஸ். செல்லுலாரில் மெஸ்மரைஸ். கேப்டிவேட், ஃபேசினேட், மெஸ்மரைஸ் மூன்றையும் தமிழில் சொன்னால் ‘மயக்கு’ என்ற ஒரே வார்த்தையில் முடிந்துவிடும்! உள்ளே இருந்ததும் கிட்டத்தட்ட ஒரே சரக்குதான்: 4 அங்குல சூப்பர் அமோலெட் திரை, 1 கிகாஹெர்ட்ஸ் பிராசஸர்.

பாதிக் காரணம் அலைவரிசை. அங்கே அப்போது செல்போன் சிக்னலுக்கு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு முறைகள். ஏ.டி. அண்ட் டி-யும் டி-மொபைலும் ஜிஎஸ்எம். வெரைசனும் ஸ்பிரின்ட்டும் சிடிஎம்ஏ. ஜிஎஸ்எம் இரண்டிலும்கூட 3ஜி ஒத்துப்போகாது. ஒன்று 850, 1900 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. மற்றது 1700, 2100-இல். ஸ்பிரின்ட்டின் 4ஜி-யோ வைமேக்ஸ் என்ற தனி வழி. ஆக, உள்ளே இருக்கும் ரேடியோவை மாற்றாமல் எல்லாருக்கும் ஒரே போனைக் கொடுத்திருக்க முடியாது.

பெயரை மாற்றியதற்குக் காரணம் வேறு, அது வியாபாரம். இரண்டு வருஷ காண்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டால் போன் சுமார் 200 டாலர். மீதி விலையைச் சுமப்பது நெட்வொர்க் நிறுவனம். அதை மாதாமாதம் பில்லில் நம்மிடம் வாங்கிக்கொள்ளும். அதாவது சாம்சங்கிடம் போனை வாங்கியவர் நாம் இல்லை, அவர்கள். பணம் கொடுப்பவர் எதிர்க்கடையில் இல்லாத ஒன்றைக் கேட்கத்தானே செய்வார்? எபிக்கில் இழுத்தால் வெளியே வரும் கீபோர்டு இருந்தது. வைப்ரன்ட் வாங்கினால் ‘அவதார்’ படம் உள்ளேயே இருக்கும். கேப்டிவேட்டில் கூகுளின் ஆப் கடையான ஆண்ட்ராய்டு மார்க்கெட்டுக்கு வெளியே இருந்து ஆப் போட முடியாது. ஃபேசினேட்தான் உச்சம்: கூகுளின் ஆண்ட்ராய்டு போனில் எதையாவது தேடினால் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் வந்து நிற்கும்.

ஆப்பிள் இதற்கு வளைந்து கொடுக்கவில்லை. ஐபோனில் நெட்வொர்க் நிறுவனத்தின் முத்திரை எதுவும் கிடையாது. ஆனால் 2007 ஜூனிலிருந்து 2011 பிப்ரவரி வரை அமெரிக்காவில் ஐபோன் என்றால் ஏ.டி. அண்ட் டி மட்டும்தான். சாம்சங் வளைந்து கொடுத்து, சில மாதங்களுக்குள் நாலு பெரிய கடைகளிலும் போய் உட்கார்ந்துவிட்டது. கௌரவம் போனாலும் இடம் கிடைத்தது. அது புத்திசாலித்தனம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன், வாங்கினவன் பாடு திண்டாட்டமாக இருந்தாலும். ஒவ்வொரு மாடலுக்கும் அப்டேட்டைத் தனியாகச் செய்து, அந்தந்த நிறுவனம் சோதித்து விட வேண்டும். ஆண்ட்ராய்டு 2.2-ஐ கூகுள் வெளியிட்டது 2010 மே மாதம். ஃபேசினேட்டுக்கு அது வந்து சேர்ந்தது 2011 ஏப்ரலில்.

இனி என் கதை. 2011 பொங்கலுக்குத் தஞ்சாவூர் போகும்போது, நான் வைத்திருந்ததை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டு வரலாம் என்று எடுத்துப் போனேன். வேறு நெட்வொர்க்கில் ஓடாதபடி போட்டிருக்கும் லாக்கை எடுக்கக் கடைத்தெருவில் ஆள் இருக்கிறார்கள் என்ற தைரியம். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பின்மூடியை நகத்தால் நெம்பினார், பேட்டரியைக் கழற்றினார், தன் சிம்மை எடுத்து மெமரி கார்டு போடுகிற இடத்தில் வைத்துப் பார்த்தார்.

“டேய், உள்ள போக மாட்டேங்குதே.”

“அது இல்லப்பா, சிம் போடுற இடம் பக்கத்துல இருக்கும் பாருங்க.”

பக்கத்தில் இல்லை. எங்கேயும் இல்லை. நான் வாங்கியது சிடிஎம்ஏ மாடல். நம்பர் போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், சிம் என்ற பேச்சே கிடையாது. மாதக்கணக்காகக் கையில் வைத்திருந்தும் ஒரு நாள்கூட நான் அந்த மூடியைத் திறந்து பார்த்ததில்லை. செல்போன் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “படம் நல்லா தெரியுது சார், பாட்டு கேக்கலாம்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். அப்பா அதில் பாட்டுதான் கேட்டார்.

2012-இல் கேலக்ஸி எஸ் 3 வந்தபோது நிலைமை தலைகீழ். அமெரிக்காவில் ஐந்து நிறுவனங்களிலும் அதே பெயர், அதே முகம். முந்தின வருஷத்துப் போனை ஸ்பிரின்ட் ‘கேலக்ஸி எஸ் 2, எபிக் 4ஜி டச்’ என்று ரயில் பெட்டி மாதிரி பெயர் கோத்து விற்றதைப் பார்த்தவர்களுக்கு அருமை புரியும். அதற்குள் கேலக்ஸியைத் தேடி ஜனங்களே வர ஆரம்பித்திருந்தார்கள். பெயரை மாற்றச் சொல்லும் பலம் நிறுவனங்களுக்கு இல்லை.

அந்த எஸ் 3-ஐ அப்பாவுக்குத் தஞ்சாவூரிலேயே வாங்கினேன். பின்மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லி, சிம் போடும் இடத்தைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் என்னைப் பணம் எடுக்க விட்டார். இடம் இருந்தது. ஆனால் அது மைக்ரோ சிம்முக்கான இடம். கடைக்காரர் அப்பாவின் பழைய சிம்மைக் கட்டரில் வைத்து ஒரே அழுத்தில் நறுக்கினார். அப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.