கோயில் காணி யாருடையது?

கேள்வி: எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலுக்கு என் பாட்டனார் 2 பரப்புக் காணியை எழுதிக் கொடுத்தார். நெடுங்காலம் அதில் பாலர் பாடசாலை நடந்தது. இப்போது மறைமாவட்டம் அதை விற்கப்போவதாகக் கதை அடிபடுகிறது. காணி உறுதி (பத்திரம்) ஆயரின் பெயரில் இருப்பதால் பங்குக்கு உரித்தே இல்லை என்கிறார்கள். இது சரியா?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பாதிதான் சரி. இலங்கையில் ஆயர் பதவியையே ஒரு சட்ட ஆளாக, அதாவது தன் பெயரில் சொத்து வைத்திருக்கக்கூடிய ஒன்றாகக் கொள்ள ஆங்கிலேயர் காலச் சட்டமொன்று இடமளித்திருப்பதால், கோயில் காணிகள் பெரும்பாலும் ஆயரின் பெயரிலேயே எழுதப்படுகின்றன. ஓர் ஆயர் போய் இன்னொருவர் வந்தாலும் உறுதியை மாற்றி எழுத வேண்டியதில்லை. ஆனால் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி முறையாக நிறுவப்பட்ட பங்கு தானே ஒரு சட்ட ஆள் (விதி 515), சொத்தும் அதைப் பெற்றுக்கொண்ட சட்ட ஆளுக்கே உரியது (1256). அதற்காகப் பங்கின் சொத்து பங்கு மக்களின் சொத்தாகிவிடாது. பங்கின் சார்பில் கையொப்பமிட வேண்டியவர் பங்குத்தந்தையே (532). இதை மறந்துதான் நம்மவர் பலர் கூட்டம் கூட்டிச் சத்தமிடுகிறார்கள்.

முதலில் காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதியை எடுத்து நிதானமாக வாசியுங்கள். ‘பாலர் பாடசாலைக்காக’ என்று ஒரு சொல் அதில் இருந்தாலும் போதும். குறித்த நோக்கத்துக்குக் கொடுத்ததை அந்நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டுமென 1267ஆம் விதி சொல்கிறது. பாட்டனார் அதை நேர்த்திக்கடனாகக் கொடுத்திருந்தால் நிலைமை இன்னும் இறுகும், ஏனெனில் நேர்த்தியாக வந்த சொத்தை விற்பதற்கு ஆயரின் அனுமதி மட்டும் போதாது, உரோமாபுரியின், அதாவது திருத்தந்தையின் தலைமைப்பீடத்தின் அனுமதியும் வேண்டும் (1292). மற்றக் காணிகளாயினும், ஆயர் பேரவை குறித்த தொகையை விலை தாண்டினால், மறைமாவட்ட நிதிக்குழுவினதும் ஆயருக்கு ஆலோசனை சொல்லும் குருக்களைக் கொண்ட ஆலோசகர் குழுவினதும் இசைவு கட்டாயம்.

கோயில் சொத்துக்காக வெளிநாட்டில் நடந்த வழக்கொன்றும் உண்டு. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் போலந்து வம்சாவளியினரின் புனித ஸ்தனிஸ்லாஸ் கோயில் 1891இலேயே பொதுநிலையினர் குழுவொன்றின் பெயரில் பதியப்பட்டிருந்தது. அதைக் கையளிக்க மறுத்த குழுவினரைப் பேராயர் 2005இல் திருச்சபை விலக்குக்கு உள்ளாக்கினார். 2012இல் நீதிமன்றம் குழுவின் பக்கமே தீர்ப்பளித்தது. நமது உறுதிகள் அப்படி எழுதப்பட்டவையல்ல என்பதால் அத்தீர்ப்பைக் காட்டி இங்கே வழக்காடுவது வீண் செலவு.

விற்பனைக்கான எழுத்துமூல ஆணை வெளிவந்தால், அது அறிவிக்கப்பட்ட 10 நாட்களுக்குள் அதை மீளப்பெறும்படி ஆயரிடமே எழுத்தில் கேட்க வேண்டும் (1734). அவர் மறுத்தால் 15 நாட்களுக்குள் உரோமாபுரிக்கு முறையிடலாம் (1737). இப்போது உங்களிடம் இருப்பது வெறுங்கதை மட்டுமே. ஆதலால் உறுதிப் பிரதியுடன் பங்குத்தந்தையிடம் போய், நிதிக்குழுவில் இது பேசப்பட்டதா என்று கேளுங்கள்.